கண்மாய் வற்றியபோது கரடிக்கு மூச்சு வாங்கியது

பூலாங்காட்டுக் கண்மாய்க்குள் ஒரு கரடி மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பந்து வந்தது. ஓங்கி ஒரே அடி! பந்து உயரப் பறந்து போய்த் தண்ணீரில் தொபுக்கென்று விழுந்தது.

"சிக்ஸர்!" என்று குரங்குகள் கிளைகளில் தொங்கிக்கொண்டு கத்தின.

அந்தக் கரடியின் பெயர் வீரணன். சிக்ஸர் அடித்ததும் மட்டையைத் தரையில் ஊன்றி, ஒரு கையை இடுப்பில் வைத்து, கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்கே நாலு பேர் கைதட்டுவார்கள்.

பூலாங்காட்டு மிருகங்களுக்குக் கோடை வந்தால் கிரிக்கெட்தான். கண்மாயில் தண்ணீர் இறங்க இறங்கக் கரையோரத் தரை காய்ந்து வரும். அதுதான் மைதானம். மட்டைக்குப் பனைமட்டை. பந்துக்கு நன்றாக முற்றிய விளாங்காய். மைதானத்தின் மூன்று பக்கம் பனங்காய்களை வரிசையாக வைத்து எல்லை போடுவார்கள். நாலாவது பக்கம் தண்ணீரே எல்லை. பந்து உருண்டு போய்த் தண்ணீரைத் தொட்டால் நாலு ரன். பறந்து போய் விழுந்தால் ஆறு. இது அந்தக் காட்டு வழக்கம். யாரும் மாற்றியதில்லை.

சில வருஷங்களாகவே நல்ல மழை. கோடையிலும் கண்மாயில் பாதிக்குமேல் தண்ணீர் நின்றது. மைதானம் சுருங்கி ஒரு களத்துமேட்டு அளவுக்கு ஆகிவிட்டது. வீரணன் தூக்கக் கலக்கத்தில் அடித்தால்கூடப் பந்து தண்ணீரில்தான் போய் விழும். அப்புறம் எதற்கு ஓடுவது?

அதற்கு முன்னால் அவன் ஓடாதவன் அல்ல. வீரணனும் கீரி குருவம்மாவும்தான் முதல் ஜோடியாக மட்டை பிடிக்க இறங்குவார்கள். குருவம்மா பந்தை லேசாகத் தட்டிவிட்டு, "வா!" என்பாள். அவள் வாயை மூடுவதற்குள் வீரணன் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்திருப்பான். அந்த ஜோடியைப் பிரிக்க முடியாமல் மலையடிக் காட்டு அணிக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

அந்த ஓட்டமெல்லாம் சிக்ஸரோடு போயிற்று. ஓட்டம் போன இடத்தில் விருந்து வந்தது.

விருந்துக்கு அழைத்துப் போகிறவன் நரி செவத்தான். "சிக்ஸர் வீரணன் வந்திருக்காரு! கவனிங்கப்பா!" என்று ஒவ்வொரு மரத்தடியிலும் போய் முழங்குவான். இங்கே ஒரு தேனடை, அங்கே ஒரு கூடை இலுப்பைப் பூ, இன்னோர் இடத்தில் நாவல் பழம். வந்ததில் பாதி செவத்தான் வயிற்றுக்குள் போகும். மீதிப் பாதியே ஒரு கரடிக்கு அதிகம்.

"ஏலே செவத்தான், கொஞ்சம் ஓடிட்டு வருவமா? உடம்பு கனமா இருக்கு" என்று வீரணன் எப்போதாவது கேட்பான்.

"என்ன அண்ணாச்சி நீங்க! ஓடுறது முயலுக்கும் கீரிக்கும் உள்ள பொழப்பு! நீங்க நின்ன எடத்துல நின்னு அடிக்கிற ஆளு! இந்தத் தேனடையைப் பாருங்க, உங்களுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு!" என்பான் நரி.

வீரணன் தேனடையைப் பார்ப்பான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துபோகும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கோடை வருவதற்கு முன்பே கண்மாய் வற்றிவிட்டது. ஒரு மூலையில் மடு மட்டும் மிஞ்சி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தது. மற்றதெல்லாம் வெடிப்பு விட்ட சேற்றுத் தரை. மைதானம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. அணியின் கேப்டன் மிளா மான் மலைச்சாமி பனங்காய்களைக் கொண்டுபோய் அக்கரைப் புல்வெளி ஓரமாக அடுக்கினான்.

"இவ்வளவு தூரமா?" என்றான் வீரணன்.

"தண்ணி இல்லையேப்பா. கரை எங்க இருக்கோ அங்கதான எல்லை" என்றான் மலைச்சாமி.

மலையடிக் காட்டோடு பெரிய மேட்ச் கோடைக் கடைசியில். அதற்கு முன் தங்களுக்குள் ஆடிப் பார்த்தார்கள். வழக்கம்போல வீரணனும் குருவம்மாவும் இறங்கினார்கள். பந்து வந்தது. வீரணன் ஓங்கி ஒரே அடி! மட்டையை ஊன்றினான். கையை இடுப்பில் வைத்தான். கூட்டத்தைப் பார்த்தான்.

யாரும் கைதட்டவில்லை. பந்து காய்ந்த சேற்றில் விழுந்து, கொஞ்ச தூரம் உருண்டு, ஒரு வெடிப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. போன வருஷம் தண்ணீர் நின்ற இடம் அது.

"என்ன நின்னுட்டு இருக்க? ஓடு!" என்று குருவம்மா கத்தினாள்.

வீரணன் ஓடினான். தொடை குலுங்கியது. தொப்பை முன்னால் போக, அவன் பின்னால் போனான். ஒரு ரன் முடிவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது. ஆனாலும் கூட்டம் பார்க்கிறதே! வீம்புக்கு, "ரெண்டு!" என்று குரல் கொடுத்துவிட்டான்.

குருவம்மா யோசிக்கவே இல்லை. குரல் கேட்டதும் திரும்பிப் பறந்தாள். வீரணன் நாலு எட்டு வைத்தான். மார்பு அடைத்தது. கண் இருட்டியது. அப்படியே பின்வாங்கி, கிளம்பிய கோட்டுக்குள்ளேயே போய் நின்றுகொண்டான். குருவம்மா ஓடி வந்து பார்த்தால் அந்தக் கோட்டுக்குள் கரடி நிற்கிறது. எதிர்ப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. அங்கே ஸ்டம்பைத் தட்டிவிட்டார்கள்.

குருவம்மா அவுட்!

அவள் மட்டையைத் தூக்கி எறியவில்லை. சத்தமும் போடவில்லை. வீரணன் முன்னால் வந்து நின்றாள்.

"கூப்பிட்டது நீ. அதனாலதான் திரும்பிக்கூடப் பாக்காம ஓடி வந்தேன். வேற யாரு கூப்பிட்டிருந்தாலும் ஒரு தடவை பாத்துட்டுத்தான் ஓடியிருப்பேன்."

"குருவு, அது வந்து... வெயிலு..."

"இனிமே உன்கூட நான் இறங்க மாட்டேன், வீரணா."

அவள் போய்விட்டாள். அவுட் ஆனது அவள்தான். ஆனால் தோற்றது தான்தான் என்று வீரணனுக்குப் பட்டது.

பட்டதை உடனே ஒத்துக்கொள்கிற ஆளா அவன்? அன்று சாயங்காலம் வரைக்கும் வெயிலைக் குறை சொன்னான். மட்டையைக் குறை சொன்னான். வெடித்துக் கிடந்த தரையைத் திட்டினான். செவத்தான் ஒவ்வொன்றுக்கும் "ஆமா அண்ணாச்சி, ஆமா!" என்று தலையாட்டினான். கடைசியில் காதருகே வந்து கிசுகிசுத்தான்.

"அண்ணாச்சி, உங்க அடியில கோளாறு இல்ல. எல்லை தள்ளிப் போயிருச்சு. அவ்வளவுதான! நாளைக்கு மத்தியானம் எல்லாரும் நெழல்ல உறங்குவாங்க. அந்தப் பனங்காய்களைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளி வச்சிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"நீயும் வாயேன், ரெண்டு பேரா தள்ளலாம்."

"எனக்கு இடுப்பு சரியில்ல அண்ணாச்சி!"

மறுநாள் உச்சி வெயிலில் வீரணன் மட்டும் போனான். முதல் பனங்காயை எடுக்கக் குனிந்தான். தொப்பை தடுத்தது. மண்டியிட்டு எடுத்தான். உள்ளே கொண்டுவந்து வைத்தான். இரண்டாவதை வைத்துவிட்டு நின்று மூச்சு வாங்கினான். நாலைந்து பனங்காய்களுக்கு மேல் முடியவில்லை. சட்டி சுட்டதுபோல் கையை உதறிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மடுவில் தண்ணீர் குடிக்க வந்த குருவம்மா இதைப் பார்த்தாள்.

"என்ன செய்ற?"

"சும்மா... பனங்காய் ஒழுங்கா இருக்கான்னு..."

குருவம்மா வரிசையைப் பார்த்தாள். வளைந்து உள்ளே வந்திருந்த இடத்தையும் பார்த்தாள். அவளுக்குக் கோபத்தைவிடச் சங்கடம்தான் அதிகமாக இருந்தது.

"எல்லையை இங்க இழுத்துட்டு வர இவ்வளவு பாடுபடுற. இந்தப் பாட்டுக்கு உன் உடம்பை அங்க வரைக்கும் இழுத்துட்டுப் போலாமே, வீரணா!" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீரணன் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். தான் அடித்த சிக்ஸரெல்லாம் எங்கே போய் விழுந்ததோ அந்த இடத்தைப் பார்த்தான். கல்லெறி தூரம்கூட இல்லை!

"நாம பலசாலின்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தோம். தண்ணி பக்கத்துல இருந்திருக்கு. வேற ஒண்ணும் இல்ல" என்று வாய்விட்டே சொன்னான். சொன்னதும் அழுகை வந்தது. அழுதான். பிறகு எழுந்து, ஒவ்வொரு பனங்காயாகத் தூக்கிப்போய் இருந்த இடத்திலேயே வைத்தான். கொண்டுவந்ததைவிடக் கொண்டுபோனதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கரையில் ஏறினான். "இன்னைக்கே பழைய வீரணன் ஆகிக் காட்டுறேன்!" என்று தண்ணீர் திறந்துவிடும் மடையிலிருந்து, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கை நோக்கி ஒரே பாய்ச்சல். பாதி வழியில் கால் பின்னியது. கரைச் சரிவில் உருண்டு கீழே வந்து சேர்ந்தான். முட்செடிகள்தான் தாங்கிப் பிடித்தன.

குரங்குகள் சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்து விழப் பார்த்தன. "பூமி அதிருது! எல்லாரும் மரத்தைப் பிடிச்சுக்கங்க!"

அதற்கப்புறம் அவனால் எழுந்து நிற்கவே முடியவில்லை. பின்னங்கால் இரண்டும் மரக்கட்டையாகிவிட்டன. செவத்தான் வந்து எட்டிப் பார்த்தான்.

"நான்தான் சொன்னேனே அண்ணாச்சி! பேசாம விருந்துக்குக் கிளம்புங்க. அத்திமரத்தடியில சொல்லி வச்சிருக்கேன்."

"நீ போய்ச் சாப்பிடு. நான் வரல" என்றான் வீரணன்.

"வரலையா? நீங்க வராம எனக்கு எவன் போடுவான்?"

வாய் தவறி வந்துவிட்டது. செவத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான். வீரணன் அவனைப் பார்த்த பார்வையில், அன்றைக்குப் போனவன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

காலைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தாலும் தண்ணீர் குடிக்க வேண்டுமே! மடு மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. வீரணன் நொண்டி நொண்டி நடந்தான். வழியில் ஒரு மருதமரம். அங்கே உட்கார்ந்து ஆறிவிட்டுத்தான் மிச்ச தூரம் போக முடிந்தது. தினமும் அப்படித்தான் போய் வந்தான். ஒருநாள் மடுவில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று நினைவு வந்தது.

"அட! இன்னைக்கு மருதமரத்தடியில உக்காரவே இல்லையே!"

அவனுக்கு ஒரே சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆளில்லை. தண்ணீரில் தெரிந்த தன் முகத்திடமே சொன்னான்.

அன்றிலிருந்து அவன் பாய்ச்சலை விட்டுவிட்டான். நேற்றைவிட இன்று இரண்டு எட்டு கூட. அவ்வளவுதான் கணக்கு. நடை மெல்ல விரைவு நடையாயிற்று. விரைவு நடை ஓட்டமாயிற்று. தேன் சாப்பிடுவதை நிறுத்தினானா என்றால், இல்லை. கரடி தேனை நிறுத்தவாவது! ஆனால் ஓடிவிட்டு வந்து, பசித்து, அளவாகச் சாப்பிட்டான். தேன் முன்பைவிட ருசியாக இருந்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டான்.

சில நாள் உடம்பு வளைந்து கொடுக்கும். சில நாள் ஒரே அடம்பிடிக்கும். அடம்பிடிக்கிற நாளில் நடையோடு நிறுத்திக்கொள்வான். குரங்குகள் கேலி செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். கேலி செய்து சலித்துப்போய், கடைசியில் இரண்டு குரங்குகள் அவனோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தன!

குருவம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் அவன் அவளிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"குருவு, ஒரு தடவை ரெண்டு பேரும் சேர்ந்து ஓடிப் பாப்பமா?"

"மேட்ச்சுல ஓடு. அப்புறம் பேசலாம்" என்றாள் அவள். வெடுக்கென்றுதான் சொன்னாள். ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. வீரணன் அதையே பிடித்துக்கொண்டான்.

கோடைக் கடைசியில் மேட்ச் வந்தது. மலையடிக் காட்டு அணி முதலில் ஆடி நல்ல ஸ்கோர் எடுத்துவிட்டது. பூலாங்காட்டு முறை வந்ததும் கேப்டன் மலைச்சாமி, "யாரு முதல்ல?" என்று கேட்டான்.

"வீரணன் அவுட் ஆனப்புறம் நான் இறங்குறேன்" என்றாள் குருவம்மா.

எல்லார் முன்னாலும் சொன்னாள். வீரணனுக்குச் சுருக்கென்றது. மட்டையை எடுத்துக்கொண்டு மலைச்சாமியோடு இறங்கினான்.

கண்மூடித்தனமாக அடிக்கவில்லை. தட்டிவிட்டு ஓடினான். ஒரு பந்தை மலைச்சாமி வெகுதூரம் அடித்தபோது இரண்டு ரன் ஓடி முடித்தார்கள். மலைச்சாமி களைத்து நின்றான். வீரணனோ அதற்குள் மூன்றாவதுக்குத் திரும்பிவிட்டான்!

"மூணா?" என்று மலைச்சாமி வாயைப் பிளந்தான்.

"வா கேப்டன், பேச நேரமில்ல!"

ஆனால் பழக்கம் லேசில் விடுமா? கொஞ்ச நேரத்தில் ஒரு பந்து வாகாக வந்தது. கை குறுகுறுத்தது. ஓங்கி ஒரே அடி! பந்து உயரே போய், முன்பு தண்ணீர் நின்ற இடத்தில் இறங்கியது. அங்கே மலையடிக் காட்டு மந்தி ஒன்று அலுங்காமல் நின்று பிடித்துக்கொண்டது.

வீரணன் அவுட்!

தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பினான். எடுத்த ரன் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. எதிரே மட்டையோடு குருவம்மா வந்தாள். அவள் நிற்காமல் போனாள். 'அவ்வளவுதான், எல்லாம் முடிஞ்சது' என்று அவன் மனசு உடைந்தது.

குருவம்மா பிரமாதமாக ஆடினாள். மறுபக்கம் ஒவ்வொருவராக அவுட் ஆனார்கள். மலைச்சாமியும் அவுட். கடைசியில் முயல் ஒன்றுதான் துணைக்கு நின்றது. இன்னும் ஒரு சில ரன்கள்தான் வேண்டும். அப்போது ஓடி வந்த குருவம்மாவின் பின்னங்கால் தரை வெடிப்புக்குள் போய் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்தாள். கால் சுளுக்கிக்கொண்டது. ஊன்றவே முடியவில்லை.

அம்பயர் ஆமை வந்து பார்த்தது. "நின்னு அடிக்க முடியும்னா அடிக்கலாம். உனக்குப் பதிலா ஓட ஒரு ரன்னரை வச்சுக்கலாம். ஆனா அது ஏற்கெனவே அவுட் ஆனவங்கள்ல ஒருத்தரா இருக்கணும்" என்றது.

மலைச்சாமி கொம்பைச் சிலுப்பிக்கொண்டு முன்னால் வந்தான். "நான் ஓடுறேன் குருவம்மா. என் காலு வேகமான காலு!"

குருவம்மா அவனைத் தாண்டிப் பார்த்தாள். பின்னால் ஓர் ஓரமாக வீரணன் உட்கார்ந்திருந்தான்.

"வீரணன் வரட்டும்" என்றாள்.

கூட்டம் திகைத்துவிட்டது. "அந்தக் கரடியா? உன்னை நட்டாத்துல விட்டவனாச்சே!" என்றான் மலைச்சாமி.

"ஆமா, விட்டவன்தான். ஆனா இன்னைக்கு மூணாவது ரன்னுக்கு நீ நின்ன. அவன் யாரும் கேக்காமலே திரும்பினான். நான் பாத்தேன்."

வீரணன் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குச் சற்றுத் தள்ளிக் கோட்டருகே நின்றான். "குருவு, நெசமாத்தான் சொல்றியா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நான் அடிக்கிறேன். நீ ஓடு. திரும்பிப் பாக்காத."

கடைசிப் பந்து. ஜெயிக்க இரண்டு ரன். காட்டுப்பூனை ஓடி வந்து பந்தை வீசியது. குருவம்மா ஒற்றைக் காலில் நின்றபடி பந்தைத் தட்டிவிட்டாள். பந்து இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து காய்ந்த தரையில் ஓடியது.

"வா!" என்றாள்.

வீரணன் ஓடினான். ஒன்று முடிந்தது. தூரத்தில் மந்தி பந்தை எடுத்துவிட்டது.

"ரெண்டு!"

குருவம்மா கூவுவதற்குள்ளேயே அவன் திரும்பியிருந்தான். மார்பு அடைத்தது. ஆனால் இந்தத் தடவை மூச்சு அவனைக் கைவிடவில்லை. மந்தி எறிந்த பந்து தலைக்கு மேல் விர்ரென்று போனது. வீரணன் மட்டையை நீட்டிக்கொண்டு அப்படியே தரையில் விழுந்து வழுக்கினான். ஸ்டம்பு சிதறியது. மைதானமெல்லாம் ஒரே புழுதி.

"அவுட்! அவுட்!" என்று மலையடிக் காடு கத்தியது.

ஆமை மெல்லக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. புழுதி அடங்கியது. மட்டை கோட்டுக்கு உள்ளே ஒரு முழம் போய்க் கிடந்தது.

"நாட் அவுட்!"

பூலாங்காடு அலறியது. குரங்குகள் குதித்து வந்து வீரணனைத் தோளில் தூக்கப் பார்த்தன. முடியவில்லை. இளைத்தாலும் கரடி கரடிதானே!

வீரணன் மூச்சு வாங்கியபடி எழுந்து, குருவம்மா முன்னால் போய் நின்றான். மேலெல்லாம் புழுதி. கண்ணில் தண்ணீர்.

"அன்னைக்கு நான் உன்னைக் கூப்பிட்டுட்டு நின்னுட்டேன், குருவு. தப்பு என்மேலதான். வெயிலும் இல்ல, தரையும் இல்ல" என்றான்.

குருவம்மா கேப்டன் பக்கம் திரும்பினாள்.

"மலைச்சாமி, அடுத்த மேட்ச்சுக்கு முதல்ல இறங்குறவங்க பேரை இப்பவே சொல்லிடுறேன். நானும் வீரணனும்!"

உடம்பு தளர்ந்துபோனதை மறைக்காமல் ஒத்துக்கொண்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடுபடுகிறவனுக்கு, இழந்த பலத்தோடு நண்பர்களின் நம்பிக்கையும் திரும்பி வரும்.